ரெயில் ரிக்கெற் அனுப்பின ஆமி

ஒரு ஆமி ஆள் எடுக்கிறதுக்குக் கடிதம் போடும், அந்தக் கடிதத்துக்குள்ளை ரெயில் ரிக்கெற்றும் வைச்சு அனுப்பும் எண்டு ஆரும் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டன். அக்கா ஜெர்மனியிலையிருந்து ரெலிபோன் எடுத்து அதைத்தான் சொன்னா. இதென்ன கண்டறியாத ஆமி, ரிக்கெற் அனுப்புற ஆமி எண்டு எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. பேந்துதான் கடிதம் ஆருக்கு வந்ததெண்டு சொன்னா. அவவின்ரை மகனுக்கு. சிரிச்ச வாயிலை நானே அடிச்சுக்கொண்டன்.

அக்காவுக்கு ரெண்டு பெடியள். மூத்தவனை யாழ்ப்பாணத்திலை ஒரு சுத்திவளைப்பிலை இலங்கை ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். பதினேழு வயசு. காலமை பாண் வாங்கப் போன பிள்ளை. சைக்கிள் மட்டும் ஒழுங்கை முகப்பிலை விழுந்து கிடந்தது, பாண் பக்கத்திலை மண்ணுக்குள்ளை கிடந்தது. நானும் அக்காவும் முகாம் வாசலிலை எட்டு மாதம் போய் நிண்டனாங்கள். அப்பிடி ஒரு பேர் தங்களிட்டை இல்லையெண்டுதான் ஒவ்வொரு நாளும் சொல்லுவாங்கள். எங்கை கொண்டுபோனது, ஏன் கொண்டுபோனது எண்டு ஒரு துண்டுக் கடதாசிகூடத் தரேல்லை. அத்தான் அப்ப ஜெர்மனியிலை. அவர் அக்காவையும் ஏழு வயசுச் சின்னவனையும் கிழக்கு பெர்லினுக்காலை எடுப்பிச்சார். வெளிக்கிடேக்கை அக்கா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு ஒண்டுதான் சொன்னா, இவனையாவது ஒரு ஆமியின்ரை கண்ணிலையும் படாமல் வளர்ப்பன் எண்டு. அங்கை போய் ஆறாம் வருசம் அத்தான் மாரடைப்பிலை செத்துப்போட்டார். பிறகு அக்காவுக்கு அவன், அவனுக்கு அக்கா. அவ்வளவுதான்.

நான் ஊரிலை இன்னும் நாலு வருசம் இருந்திட்டுத்தான் வெளிக்கிட்டனான். ஏஜென்ற் ஒருத்தன் ஆற்றையோ பாஸ்போர்ட்டிலை என்ரை படத்தை ஒட்டி ஏத்திவிட்டான். ரொறன்ரோவிலை பிளேன் இறங்க அரை மணித்தியாலம் இருக்கேக்கை ரொயிலற்றுக்குப் போய் அதைச் சுக்குநூறாக் கிழிச்சுத் தண்ணியை இழுத்து விட வேணும், அதுதான் அவன் சொன்ன பாடம். கையிலை பாஸ்போர்ட் இருந்தால் வந்த வழிக்கே திருப்பி ஏத்துவாங்கள். இல்லையெண்டால் ஏத்தேலாது. நானும் கிழிச்சனான். என்னோடை அந்தக் காலத்திலை பார்க்டேலிலை ஒரு அறையிலை ஆறு பேர் இருந்தம், ஆறு பேரும் கிழிச்சு வந்த ஆக்கள்தான். அந்தக் கிழிப்புத்தான் எங்களுக்கு உயிர் தந்தது எண்டு நான் இண்டைக்கும் சொல்லுவன். ஆனால் அதை எங்கை நிப்பாட்ட வேணும் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு.

இனிக் கடிதம் வந்த கதை. என்னை வந்து பாக்கேலாமல் இருக்கெண்டு அக்கா ஒவ்வொரு கிழமையும் புலம்புவா. ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்கோ, விசா இல்லாமல் வரலாம் எண்டு அரியண்டம் குடுத்தது நான். அப்பிடித்தான் பெடியன் ஜெர்மன் பிரஜை ஆனவன். பாஸ்போர்ட் குடுக்கிற நாடு பதினெட்டு வயசுக்கு மேலை பெடியளை ஆமிக்குக் கூப்பிடும், பத்து மாதம் போய் நிண்டிட்டு வர வேணும் எண்டு எங்களுக்கு ஆர் சொன்னது? அகதியாவே இருந்திருந்தால் ஒருத்தனும் கூப்பிட்டிருக்க மாட்டான். அக்கா ரெலிபோனிலை குளறினா. அவன் அம்மாவுக்குச் சொல்லாமலே போய் டொக்டரிட்டைக் காட்டிப் பாஸும் பண்ணிப்போட்டான், ஜனவரி முதல் கிழமை முகாமிலை நிக்க வேணும் எண்டு கடிதம் வந்திட்டுது. நான் யோசிக்கவே இல்லை. கிறிஸ்மஸ் லீவுக்கு இஞ்சை அனுப்புங்கோ, நான் கதைச்சு மறிக்கிறன் எண்டு சொன்னன். ஆமிக்கு முன்னம் சித்தியை ஒருக்காப் பாத்திட்டு வா எண்டு அக்காவும் அனுப்பினா.

எயார்போட்டிலை கேக்காமலே அவனைக் கண்டுபிடிச்சிட்டன். மூத்தவன்ரை அதே நெற்றி, அதே நடை. பத்தொன்பது வயசு, ஆறடி உயரம், வள்ளம் மாதிரிச் சப்பாத்து. தமிழ் கதைப்பான், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் பெட்டி திறந்து எடுக்கிற மாதிரிக் கதைப்பான். புட்டை முள்ளுக்கரண்டியாலை சாப்பிட்டான். கராஜிலை மெக்கானிக் வேலை பழகி முடிச்சவன், அதாலை வந்த ரெண்டாம் நாளே டோர்செட் பார்க்கிலை எங்கடை பில்டிங்குக்குக் கீழை பனிக்குள்ளை படுத்து என்ரை மனுசன்ரை காரைத் திருத்திக் குடுத்தான். இவருக்கு அவனை நல்லாப் பிடிச்சிட்டுது. எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. அந்த மூண்டு கிழமையும் நான் வேலையாலை ஓடி ஓடி வீட்டை வந்தனான்.

அவன்ரை ஜக்கெற் உள்பொக்கெற்றிலை பாஸ்போர்ட்டும் கடிதமும் ரெயில் ரிக்கெற்றும் ஒரு கவருக்குள்ளை இருந்தது. கேட்டால் எடுத்துக் காட்டுவான். பேர், பிறந்த திகதி, எந்த முகாம், எந்த ஸ்ரேசனிலை இறங்க வேணும், என்னென்ன கொண்டுவர வேணும், எல்லாம் அதிலை இருந்தது. பல்லு விளக்கிற பிரஷ்கூட. நான் வாசிச்ச ஆள் மாதிரித் தலையாட்டிப்போட்டு, பிரஷ் கொண்டு வரச் சொல்லிற ஆமிக்கு ஒரு பெடியனைத் தின்னத் தெரியாதெண்டு நினைக்கிறியோ எண்டு கேப்பன். அவன் சிரிப்பான்.

கதைக்கத் தொடங்கினால் அவனை நிப்பாட்டேலாது. பெரிய யுத்தத்திலை தோத்த பிறகு பத்து வருசம் ஜெர்மனிக்கு ஆமியே இல்லையாம். திரும்பத் துவங்குவம் எண்டு வெளிக்கிட, சனம் றோட்டிலை இறங்கி வேண்டாம் எண்டு கத்தினதாம். தகப்பனையும் தமையனையும் குடுத்த சனம் வேறையென்ன செய்யும். ரஷ்யாக்காரனுக்குப் பயந்து அதுக்குப் பிறகும் துவங்கித்தான் இருக்கினம். ஆனால் முந்தி மாதிரி ஒரு தனி மனுசனுக்குச் சத்தியம் பண்ணிற ஆமியா இருக்கப்படாதெண்டு சட்டம் எழுதி வைச்சினமாம். சிப்பாயும் சீருடை போட்ட ஒரு பிரஜைதான், அவ்வளவுதான் எண்டு பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கினமாம். மனுசரைக் கேவலப்படுத்திற கட்டளையெண்டால் கீழ்ப்படியத் தேவையில்லை. மேலுள்ளவன் கரைச்சல் குடுத்தால் பாராளுமன்றத்திலை அதுக்கெண்டே இருக்கிற ஒரு ஆளுக்கு நேரை கடிதம் எழுதலாம். பாராளுமன்றம் கை உயர்த்தாமல் ஆமி நாட்டை விட்டுச் சண்டைக்கு வெளிக்கிடேலாது. பத்து மாதத்துக்கு வாற பெடியளை, அவையளா விரும்பி எழுதிக் குடுத்தாலொழிய, வெளியிலை அனுப்பவே ஏலாது.

நான் புட்டு அவிச்சுக்கொண்டே எதிர்க்கதை கதைப்பன். கடிதம் எழுதுற ஆமியோ சண்டை பிடிக்கிற ஆமியோ எண்டு கேப்பன். இவர் ஆவெண்டு கேட்டுக்கொண்டிருப்பார். பெர்லின் சுவர் விழுந்த பிறகு கிழக்குப் பக்கத்து ஆமியிலை கொஞ்சப் பேரையும் இதோடை சேத்துக்கொண்டினம், நேற்றுவரை ஆளையாள் குறிபாத்து நிண்டவங்கள் பிறகு ஒரே கன்ரீனிலை இருந்து சாப்பிட்டவங்களாம் எண்டு அவன் சொன்ன நாள் இவர் சாப்பாட்டுக் கோப்பையை அப்பிடியே வைச்சிட்டு எழும்பிப் போட்டார். எங்கடை நாட்டை நினைச்சிருப்பார்.

அவனுக்கு இந்த ஆசை வந்தது அதுக்கு முந்தின கோடையிலையாம். போலந்து எல்லையிலை ஆறு பெருக்கெடுத்து, ஆமிப் பெடியள் சேத்துத் தண்ணியிலை நிண்டு மண்மூட்டை அடுக்கினதை ரீவியிலை பாத்தானாம். ஒரு மனுசி பாண் வெட்டிக்கொண்டு வந்து ஒரு சிப்பாயின்ரை வாயிலை ஊட்டிவிட்டவவாம், அவன்ரை ரெண்டு கையிலையும் மூட்டை எண்டு. இதைச் சொல்லேக்கை அவன்ரை கண் கலங்கினதை நான் கண்டனான். லொறி ஓடவும் பழக்குவினமாம், லைசென்ஸும் எடுத்துத் தருவினமாம், பத்து மாதம் முடிய கராஜ் முதலாளி திரும்ப எடுப்பாராம். முகாம் வீட்டிலையிருந்து ஒரு மணித்தியாலம்தானாம், சனி ஞாயிறு அம்மாவிட்டை வந்திடுவானாம்.

இவர்தான் ஒருநாள் கேட்டார், ஆமிக்குப் போக விருப்பமில்லாத பெடியள் அங்கை என்ன செய்யிறவை எண்டு. மனச்சாட்சி விடாதெண்டு ஒரு கடிதம் எழுதிக் குடுத்தால் சரியாம். ஆஸ்பத்திரியிலையோ வயசுபோன ஆக்களின்ரை விடுதியிலையோ வேலை செய்யலாம், கொஞ்ச மாதம் கூட. அவன்ரை சிநேகிதன் ஒருத்தன் அப்பிடித்தான் கிழவர்மாரைக் குளிப்பாட்டிக்கொண்டு திரியிறானாம். எனக்கு வயிறு குளிர்ந்துபோச்சு. அப்ப நீயும் எழுதன், உன்ரை கொண்ணையை ஆமி கொண்டுபோனதெண்டு எழுதினால் ஆர் மறுக்கப் போறான் எண்டு அவன்ரை கையைப் பிடிச்சன். அவன் கையை இழுக்கேல்லை. கவரைத் திறந்து ரெயில் ரிக்கெற்றை எடுத்து மேசையிலை வைச்சான்.

"அண்ணாவைக் கொண்டுபோகேக்கை ஒரு பேப்பரும் குடுக்கேல்லை, சித்தி. அவன்ரை பேரே தங்களிட்டை இல்லையெண்டு சொன்னவங்கள். இதிலை என்ரை பேர் இருக்கு. எங்கை போறன், எந்த நாள் வாறன் எண்டு இருக்கு. அப்பிடியும் ஒரு ஆமி இருக்கேலும் எண்டு நான் உள்ளை போய்ப் பாக்கவேணும்."

மறுமொழி வராத கோவம் இருக்கே, அது பொல்லாத கோவம். வாய் காட்டாதை, உனக்கு ஒரு கோதாரியும் தெரியாது எண்டு பேசிப்போட்டுக் குசினிக்குள்ளை போனன். நான் இந்திய ஆமி வந்தபோதும் ஊரிலை இருந்தனான். காப்பாத்த வந்திருக்கினம் எண்டு றோட்டிலை வரிசையா நிண்டு மாலை போட்டனாங்கள். நானும் ஒரு சிப்பாயின்ரை கழுத்திலை போட்டனான், சின்னப் பெடியன், வெக்கப்பட்டுச் சிரிச்சவன். மூண்டு மாதத்துக்குள்ளை அதே ஆமி எங்கடை ஒழுங்கைக்குள்ளை சுட்டுக்கொண்டு வந்தது. நல்ல ஆமி எண்டு ஒண்டு இருக்கெண்டு ஒரு பத்தொன்பது வயசுக்காரன் வந்து எனக்குப் பாடம் எடுக்கிறான் எண்டு எனக்குக் கொதிச்சுது.

வருசப் பிறப்பண்டு அவன் தாயோடை ரெண்டு மணித்தியாலம் ரெலிபோனிலை கதைச்சான். கடிதத்தை முதல் வரியிலையிருந்து கடைசி வரி வரைக்கும் தமிழிலை சொல்லிச் சொல்லி வாசிச்சான். முடிய அக்கா என்னைக் கூப்பிடச் சொன்னா. அவவின்ரை குரல் ஆறிப்போய் இருந்தது. "விடு, போகட்டும்," எண்டா. "இந்த ஆமி எண்டாலும் எனக்கு விலாசம் தந்திருக்கு. நான் போய் வாசலிலை நிண்டால் என்ரை பிள்ளையைக் கூப்பிட்டு விடுவினம்."

நான் ஓம் ஓம் எண்டு வைச்சிட்டன். அக்காவுக்கு எல்லாம் மறந்துபோச்சு எண்டு நினைச்சன். எட்டு மாதம் வெயிலுக்குள்ளை நிண்ட கால் அவவுக்கு மறந்துபோச்சு, எனக்கு மறக்கேல்லை எண்டு நினைச்சன். அந்த நினைப்புத்தான் எல்லாத்தையும் அழிச்சது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பின்னேரம் அவனுக்குப் பிளேன், திங்கட்கிழமை மத்தியானத்துக்கு முன்னம் முகாமிலை நிக்க வேணும். காலமை அவன் பெட்டி அடுக்கிப்போட்டு, இவரோடை கீழை போய்க் காருக்கு எண்ணெய் மாத்தினான். ஜக்கெற் கதிரையிலை தொங்கினது, இவற்றை பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு போட்டான். நான் கவரை எடுத்தன். கடிதத்தையும் ரிக்கெற்றையும் தொடேல்லை. பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள்ளை போய்க் கதவைப் பூட்டினன். கத்தரிக்கோலாலை ஒவ்வொரு தாளா வெட்டிப் போட்டுத் தண்ணியை இழுத்து விட்டன். அட்டை நல்ல தடிப்பு, வெட்டுப்படேல்லை, மடிச்சு மடிச்சு அதையும் உள்ளை தள்ளினன். குப்பைக் குழாய்க்குள்ளை போட்டிருக்கலாம். எனக்குத் தெரிஞ்ச வழி உதுதான், பாஸ்போர்ட் எண்டால் ரொயிலற்றுக்குள்ளைதான் போக வேணும். ஒரு பிள்ளையைக் காப்பாத்திறன் எண்டுதான் நினைச்சனான், கடவுளாணை.

பின்னேரம் அவன் கவரைத் திறந்து பாத்தான். முதல் சிரிச்சான், பிறகு பொக்கெற் எல்லாம் பாத்தான், பிறகு பெட்டியைக் கவிட்டுக் கொட்டினான். நான் அவனோடை சேந்து தேடினன். கட்டிலுக்குக் கீழை ரோச் அடிச்சுத் தேடினன், சோபாவைப் பிரட்டித் தேடினன், முந்தின கிழமை சாமான் வாங்கப் போன மோலுக்கு ரெலிபோன் எடுத்து ஆரும் கண்டெடுத்ததோ எண்டு கேட்டன். அழுகையும் வந்தது, அது நடிப்பில்லை, அவன்ரை முகத்தைப் பாக்க வந்த அழுகை. பிளேன் போட்டுது. புதுப் பாஸ்போர்ட்டுக்குப் போக வேண்டிய ஜெர்மன் கொன்சலேற் சனி ஞாயிறு பூட்டு. அவன் சாப்பிடேல்லை. முகாமுக்கு அடிச்சுச் சொல்ல வேணும் எண்டு ரெலிபோனைத் தூக்கினவனை, லீவு நாளிலை ஆர் எடுப்பான், திங்கள் பாப்பம் எண்டு மறிச்சதும் நான்தான். இவர் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். அவருக்குச் சந்தேகம் வந்திட்டுது.

ஞாயிறு தொடக்கம் ரொயிலற் தண்ணி இறங்கேல்லை. திங்கள் காலமை பில்டிங் பாக்கிற ஆளை, சூப்பர் எண்டு சொல்லுவம், இவர் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் நீளச் சுருள் கம்பியை உள்ளை விட்டுக் கடகடவெண்டு சுத்தினான். பெடியன் கொன்சலேற்றுக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிண்டான். ஜெர்மனியிலை அப்ப மத்தியானம் கடந்திட்டுது. சூப்பர் கம்பியை இழுத்தான். முனையிலை ஈரச் சோத்துப் பிடி மாதிரி ஒரு கடதாசிக் கட்டி, அதுக்குள்ளை மடிஞ்சபடி அந்த மெரூன் அட்டை. அதிலை இருந்த பொன்னிறக் கழுகு கொஞ்சமும் அழியேல்லை.

சூப்பருக்கு என்ன விளங்கிச்சுதோ, சொறி சொறி எண்டு சொல்லிக்கொண்டு சாமானைத் தூக்கிக்கொண்டு போட்டான். பெடியன் அந்த அட்டையை எடுத்துக் குழாய்த் தண்ணியிலை கழுவினான். சவுக்காரம் போட்டுக் கழுவினான். பிறகு ஹீற்றருக்கு மேலை காயவைச்சான். கத்துவான் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன், கத்தேல்லை. அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பன். திரும்பிப் பாத்து ஒண்டுதான் கேட்டான், "அம்மா சொன்னவவோ?"

இல்லையெண்டு சொல்ல ஒரு சொல் போதும். அக்கா போகட்டும் எண்டு சொன்னவ, இது என்ரை வேலை எண்டு சொல்லியிருக்கலாம். எனக்குப் பயம் வந்திட்டுது. அவன்ரை கண்ணிலை இருந்த முழுப் பாரத்தையும் தனியத் தாங்கேலாது எண்டு பயம். தாய் சொல்லிச் செய்ததெண்டால் கோவம் ஆறும், தாயை ஆரும் வெறுப்பினமோ எண்டு அந்த நேரம் ஒரு விசர்க்கணக்குப் போட்டன். நான் "ஓம்" எண்டன்.

கொன்சலேற்றிலை அந்த அட்டையைக் காட்டி, பொலிசிலை எழுதிக் குடுத்து, அவன்ரை ஊரிலையிருந்து உறுதிப்படுத்தி, போறதுக்கு ஒரு அனுமதித் துண்டு கிடைக்க ஒரு கிழமைக்கு மேலை போச்சு. அவ்வளவு நாளும் அவன் ஹோலிலை கதிரையிலை இருந்தான். சாப்பாடு வைச்சால் தாங்ஸ் எண்டு சொல்லுவான். முகாமுக்குக்கூட ரெலிபோன் எடுக்கேல்லை. எயார்போட்டுக்கு இவர் மட்டும்தான் போனவர். ரெயில் ரிக்கெற்றை எங்கடை மேசையிலை விட்டிட்டுப் போட்டான், நாள் முடிஞ்ச ரிக்கெற், இனி என்னத்துக்கு.

போய் இறங்கினவுடனை ஆமிப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போயிருக்கினம். கூப்பிட்ட நாள் தொடக்கம் அவன் சிப்பாய்தானாம், வராமல் நிண்டால் அது குற்றமாம். தானா வந்தவன் எண்டு ஒரு கிழமை பூட்டி வைச்சதோடை விட்டிட்டினம். இஞ்சை நடந்ததை அவன் சொல்லியிருந்தால் அதுவும் இருந்திருக்காது. சொல்லேல்லை. பாஸ்போர்ட் துலைஞ்சுபோச்சு எண்டுதான் அங்கையும் சொன்னவன், தாய்க்கும் சொன்னவன். பக்கத்து முகாமிலை அவனுக்கு வைச்ச இடம் இல்லாமல் போச்சு, கிழக்குப் பக்கம் தூரத்து முகாம் ஒண்டுக்கு அனுப்பினவை. அங்கையிருந்து, பத்து மாதம் வேண்டாம், நாலு வருசம் நிக்கிறன் எண்டு எழுதிக் குடுத்திட்டான். வெளிநாட்டுக்குப் போகவும் சம்மதம் எண்டு சேத்து எழுதிக் குடுத்தான்.

ஒரே ஒருக்கா உடுப்பு எடுக்க வீட்டை போனவன். மணி அடிக்க அக்கா கதவைத் திறந்திருக்கிறா. வாசலிலை சீருடை, சப்பாத்து, தொப்பி. மகன் எண்டு தெரியும், தெரிஞ்சும் ஓடிப்போய்க் குசினிக்குள்ளை மேசைக்குக் கீழை இருந்திட்டா. அவன் உள்ளை வந்தானாம். எல்லாம் எனக்குத் தெரியும் அம்மா எண்டு சொன்னானாம். உடுப்பை எடுத்துக்கொண்டு போட்டான். அக்கா எனக்கு அடிச்சுக் கேட்டா, என்னத்தையடி தெரியுமாம், நான் போகட்டும் எண்டுதானே சொன்னனான் எண்டு. எனக்கென்ன தெரியும், அங்கை ஆமிக்குள்ளை என்னத்தைச் சொல்லிக் குடுத்தாங்களோ எண்டு சொன்னன். எழுதவே கூசுது.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு அந்த ஆமி சண்டைக்குப் போச்சு. பெரிய யுத்தத்துக்குப் பிறகு முதல் தரம் எண்டு ரீவியிலை சொன்னவை. பாராளுமன்றத்திலை கை உயர்த்தித்தான் போச்சு, அவன் சொன்ன மாதிரியே. கொசோவோ எண்ட பேரை நான் அப்பத்தான் கேள்விப்பட்டன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரெலிபோன் அடிச்சுது. ஒரு வருசத்துக்கு மேலை கேக்காத குரல். தமிழ் இன்னும் கொஞ்சம் இறுகிப்போய் இருந்தது.

"சித்தி, அடுத்த கிழமை போறன். ஏதும் நடந்தால் ஆருக்குச் சொல்ல வேணும் எண்டு ஒரு போர்ம். உங்கடை நம்பரைக் குடுத்திருக்கிறன். அம்மாக்கு நீங்கள்தான் சொல்லவேணும்."

இதை விட்டால் இனி இல்லை எண்டு தெரிஞ்சுது. அந்த ஒரு வருசமா வாய்க்குள்ளை கிடந்ததை அப்பிடியே கொட்டினன். அம்மாக்கு ஒண்டும் தெரியாது, அம்மா போகட்டும் எண்டு சொன்னவ, கிழிச்சது நான், ஓம் எண்டு சொன்னது பொய், அம்மாவோடை கதை ராசா, அவவோடை ஒருக்காக் கதைச்சிட்டுப் போ எண்டு கெஞ்சினன்.

"மூண்டு நாள் என்னோடை சேந்து தேடினனீங்கள், சித்தி," எண்டான். "கட்டிலுக்குக் கீழை ரோச் அடிச்சுத் தேடினனீங்கள்." கோவமே இல்லாத குரல், இனி நான் என்ன சொன்னாலும் நம்பாத குரல். பிறகு சித்தப்பாவைச் சுகம் கேட்டதாச் சொல்லச் சொன்னான், வைச்சிட்டான்.

கோடையிலை ஜெர்மன் ஆமியின்ரை லொறியள் கொசோவோவுக்குள்ளை போனதை ரீவியிலை காட்டிச்சினம். சனம் றோட்டிலை நிண்டு பூ எறிஞ்சுது. ஒரு பெட்டை ஓடிப்போய் ஒரு சிப்பாயின்ரை துவக்கிலை ரோசாப்பூச் செருகினாள். நான் ரீவியை நிப்பாட்டேல்லை, லொறியை ஓட்டிறவன்ரை முகம் தெரியுதோ எண்டு கிட்டப் போய் நிண்டு பாத்தன். எல்லாம் வெள்ளை முகம். அந்தச் சனத்துக்கு அது நல்ல ஆமியாத்தான் இருக்கட்டும். அவன் தேடிப் போனது அவனுக்குக் கிடைச்சிருந்தால், அதைத் தாய்க்குச் சொல்ல ஒரு வழி வைச்சிருக்கலாம் எண்டுதான் எனக்கு அழுகை வந்தது.

இவருக்கு மார்க்கம் எண்ட பக்கத்து ஊரிலை ஒரு வீடு பிடிச்சிருந்தது. பின்வளவோடை நல்ல வீடு. அங்கை போனால் ரெலிபோன் நம்பருக்கு முன்னாலை இருக்கிற நானூற்றுப் பதினாறு போய்த் தொளாயிரத்து ஐஞ்சு வரும், நம்பரே மாறும். நான் மாட்டன் எண்டிட்டன். இவர் ஒரு மாதம் கதைச்சுப் பாத்தார், பிறகு விட்டிட்டார். வேலைக்கும் கிழமையிலை ரெண்டு நாள்தான் போறன். மிசிசாகாவிலை பிளேனுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிக்கொண்டு நிக்கேக்கை, இப்ப வீட்டிலை அடிக்குதோ எண்டு கை நிண்டுபோகுது. வீட்டிலை நிண்டால் மணி அடிக்க ஓடிப்போய் எடுப்பன். எடுத்தால் அனேகமா அக்காதான்.

போன கிழமையும் அக்காதான். அவன்ரை முகாமிலை விசாரிச்சிருக்கிறா, பக்கத்து வீட்டு ஜெர்மன் மனுசியைக் கொண்டு கேட்பிச்சு. ஆள் சுகமா இருக்கிறான், ஆனால் அறிவிக்க வேண்டிய ஆளா உங்கடை பேர் இல்லை, கனடாவிலை ஒரு சொந்தக்காரரின்ரை பேர்தான் இருக்கு எண்டு சொல்லியிருக்கினம். அக்கா அழேல்லை. மெல்லமாத்தான் கேட்டா. "பெத்த தாய் நான் இருக்க, ஏன் உன்ரை நம்பரைக் குடுத்தவன்?"

அத்தான் போன பிறகு உங்களுக்கும் நெஞ்சு வருத்தம் எல்லே அக்கா, திடீரெண்டு கேட்டால் தாங்க மாட்டியள் எண்டுதான், உங்களிலை அவ்வளவு பாசம் எண்டு சொன்னன். அவ நம்பிட்டா.